ஆடியில் எடுத்த வண்டி

இருபத்தாறு வருடம்
தராசுகளைச் சந்தேகித்துச் சம்பளம் வாங்கியவள் நான்.
கோயம்பேட்டில் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த புளியை
நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.
தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் கூட வாங்கியவனுக்கு
அவன் அழ அழ அபராதம் எழுதியிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு
கிண்டி ஷோரூமில் காபி கொடுத்து உட்கார வைத்து
மங்கயர்கரசி என்று என் பெயரைத் தப்பாக அடித்த
கொட்டேஷனை நீட்டினான் ரெக்ஸ்.
வண்டியின் விலைக்குக் கீழே
அந்த விலை குட்டி போட்டிருந்தது.
கால்விரிப்பு, கதவோரத்துக் குரோமியம்,
பெயின்ட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு,
எல்லாம் சேர்ந்து எண்பத்து நாலாயிரம்.
கையாளும் கட்டணம் தனியாகப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு.

"யார் கையாண்டது?"
"நாங்கதான் மேடம். யார்டுலேர்ந்து ஓட்டிட்டு வரோம்ல."
யார்டு பூந்தமல்லியில். பதினாறு கிலோமீட்டர்.
லிட்டருக்கு இருபத்தேழு கொடுக்கும் என்று
காபி ஆறுவதற்குள் அவனே சொன்னதுதான்.
அறுபது ரூபாய் பெட்ரோல் என்றேன்.

சிரித்தான்.
இந்தக் கணக்கைப் போடாதவர்களின் வரிசை
பதினாலு மாத நீளத்துக்கு அவன் பின்னால் நின்றது.
"பேக் எடுத்தா ஒரு கேன்சலேஷன் இருக்கு மேடம்.
வெள்ளை. வெள்ளிக்கிழமையே கைக்கு."

இதை அப்படியே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடு என்றேன்.
கண்ணாடி அறைக்குள் போனான்.
மேனேஜரின் கை மட்டும் பேசுவது தெரிந்தது.
"ரூல்னு இல்லையாம் மேடம். ப்ராக்டிஸாம்."

எனக்குத் தெரியும் அந்த வார்த்தை.
எங்கள் பக்கம் அதை மாமூல் என்போம்.

வரிசையில் பெயர் எழுதிவிட்டு இறங்கும்போது
படிக்கட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"வண்டிக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம்,
மேட்டுக்குத்தான் இன்சென்டிவ்."

ஐப்பசியில் கொட்டியது.
வேளச்சேரி முழுக்கக் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியபோது
ஏற்ற ஒன்றுமில்லாத நான் நன்றாகத் தூங்கினேன்.
பேக்கோடு எடுத்த மாடி வீட்டுப் பர்வீனின் வண்டியில்,
கண்ணுக்குத் தெரியாத பூச்சின்மேல்
கண்ணுக்குத் தெரிந்தது காக்கை எச்சம்.
ஆனாலும் தை, மாசி, பங்குனி என்று
பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது
அந்த வெள்ளிக்கிழமையை நினைக்காமல் இல்லை.

ஜூலை கடைசியில் போன்.
"ரெக்ஸ் பேசறேன் மேடம். ஆடில எடுப்பீங்களா?"
எனக்கு முன்னால் நாற்பத்தோரு பேர்.
அத்தனை பேரும் ஆவணி பிறக்கட்டும் என்றார்களாம்.
மாதக் கடைசி, டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறைகிறது.
"மேட்?"
"வேணாம் மேடம்."
"கையாளும் கட்டணம்?"
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"நீங்க வாங்க மேடம்."

தி.நகரே ஆடித் தள்ளுபடியில் நெரிந்துகொண்டிருந்தது.
இந்த ஒரு கடையில் மட்டும்
விலையை விலைக்கே விற்பதற்குப் பெயர் தள்ளுபடி.

ஜெயித்ததாகச் சொல்ல முடியாது.
இன்சூரன்ஸில் மூவாயிரத்து நூறு கூடத் தந்தேன்,
தெரிந்தேதான்.
அதில் ரெக்ஸுக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை.
வாசலில் எலுமிச்சை ஒன்று பத்து ரூபாய் என்றவளிடமும்
எதுவும் கேட்காமல் நாலு வாங்கினேன்.

காலுக்கு அடியில் நேற்றைய பேப்பரை விரித்துக்கொண்டு
பட்டனை அழுத்தினேன்.
ஒரு சத்தமும் இல்லை.
"ஓடுதா?"
"ஓடுது மேடம்."

நம்பாமல்
பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தேன்.
எலுமிச்சை நசுங்குவது கேட்டது.